கோசுப் பயிர்களைத் துளைக்கும் தெள்ளு வண்டு

முட்டைக்கோசு, பூக்கோசு, நூற்கோல், டர்னிப், முள்ளங்கி, கடுகு ஆகியவை பார்வைக்கு வெவ்வேறு பயிர்களாகத் தோன்றினும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றின் மலர்கள் நான்கு இதழ்களுடன் சிலுவை வடிவாய் இருப்பதால் இக்குடும்பத்தைச் சிலுவைப் பூக் குடும்பம் என்றும், கடுகுக் குடும்பம் என்றும் கூறுவர். குடும்பம் ஒன்றாயிருப்பது போலவே இவற்றின் பகைகளும் பெரும்பாலும் ஒன்றே. அப்பகைகளுள் உருவத்தில் மிகச் சிறியதும், பயிரிடுவோர் கண்ணில் படாமலே நாற்றங்காலை அழித்துவிடக் கூடியதுமான தெள்ளு வண்டைப் பற்றி இங்கே எழுதுகிறோம்.

விதைத்த நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ பாத்தி முழுவதும் பசுமையாய் முளைத்து நிற்கும். பின் இரண்டு நாள் நல்ல வெயில் காய்ந்தால், முளையின் முதலிரண்டு இலைகளும் ஊசியால் குத்தியவை போல் துளைபட்டு, வெளுத்து, வதங்கிக் கிடப்பதைக் காணலாம். விதை மோசம் என்று விதை விற்றவரையும், மண் மோசம் என்று நிலத்தையும் நொந்துகொள்வோர் பலர். குனிந்து உற்றுப் பார்ப்பவர்களுக்கே கடுகு மணி அளவான கருவண்டுகள் இலைக்கு இலை தாவுவது புலப்படும்.

இதனால் ஏற்படும் நஷ்டம் விதையின் விலையோடு நிற்பதில்லை. நமது சமவெளி ஜில்லாக்களில் முட்டைக்கோசு பயிரிடும் பருவம் ஆகஸ்டு முதல் நவம்பர் வரை ஆகும். கோசு நன்றாய்த் திரள்வதற்கு 15 முதல் 20 டிகிரி சென்டிகிரேடு வரையிலான குளிர்ச்சி உகந்தது. முதல் நாற்றங்கால் அழிந்து மறுபடியும் விதைக்க நேர்ந்தால் பயிர் மூன்று நான்கு வாரங்கள் பின்தங்கும். அவ்வாறு பிந்திய பயிர் மாசி, பங்குனி வெயிலில் அகப்பட்டுக்கொண்டு, இலை விரித்து நிற்குமேயன்றி உருண்டை கட்டாது. ஆகையால் நாற்றங்காலில் இழந்த ஒரு வாரம் பருவம் முழுவதையும் இழப்பதற்குச் சமானம். மாறாக, முளைத்த நாள் முதல் மூன்று வாரங்கள் செடிகளைக் காப்பாற்றிவிட்டால், பிறகு இவ்வண்டினால் கோசுப் பயிருக்குப் பெரும் கேடு விளைவதில்லை. இந்த ஒரு விஷயத்தை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொண்டால் மற்ற முறைகள் யாவும் எளிதில் விளங்கும்.

பழைய பகை

கடுகும் முள்ளங்கியும் நம் நாட்டில் தொன்றுதொட்டுப் பயிராகி வருபவை. கோயமுத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சலிவன் 1819-இல் நீலகிரி மலைக்குச் சென்று, பின்னர் அங்கே ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிடச் செய்தார். அதற்குப் பின்பே கோசும் டர்னிப்பும் நம்மவர்களுக்குப் பழக்கமான பயிர்களாயின. இன்று நீலகிரியிலும் கோடைக்கானலிலும் அவை மலை விவசாயிகளின் முக்கியமான வருவாய்ப் பயிர்கள். சமவெளியிலும் குளிர்காலத்தில் பல வீட்டுத் தோட்டங்களில் அவற்றைக் காணலாம்.

இவ்வண்டினத்தின் கொடுமையை மற்ற தேசத்தாரும் நெடுநாளாய் அறிவர். 1881-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் டர்னிப் வயல்களில் இது பெரும் சேதம் விளைவித்தது. எலினார் ஆர்மராட் என்னும் பூச்சியியல் அம்மையார் அதைப் பற்றித் தனி அறிக்கையே எழுதி வெளியிட்டார். வயல்களில் மட்டுமன்றிச் சிறு தோட்டங்களிலும் இதன் தொல்லை உண்டு. சிறு தோட்டத்தில் செடிகளின் எண்ணிக்கை குறைவாதலால், அங்கு வந்து சேரும் வண்டுகள் சிலவேயானாலும் சேதம் பெரிதாய்த் தோன்றும்.

வண்டின் அடையாளம்

தெள்ளு வண்டு இரண்டு மில்லிமீட்டர் முதல் இரண்டரை மில்லிமீட்டர் வரை நீளமுள்ளது. இதில் பல வகைகள் உண்டு. பில்லோட்ரீட்டா குருஸிபெரே என்னும் வகை கருநீலமாய், வெயிலில் பளபளவென்று மின்னும். பில்லோட்ரீட்டா ஸ்ட்ரியோலேட்டா என்னும் வகையின் கரிய முதுகில் மஞ்சள் நிறமான வளைந்த கோடுகள் இரண்டு நெடுக ஓடும். நாயின் மேல் காணும் தெள்ளுப்பூச்சியைப் போல் தாவிக் குதிப்பதனாலேயே இது தெள்ளு வண்டு எனப்படுகிறது; மற்றபடி இரண்டுக்கும் யாதொரு உறவும் இல்லை. இதன் பின்னங்கால்களின் தொடைகள் தடித்தவை. அவற்றினுள் சுருள்வில் போன்ற ஓர் உறுப்பு உண்டு. மனிதனின் நிழல் செடியின்மேல் விழுந்தாலும் போதும், அவ்வில்லின் விசையால் வண்டு தன் உடல் நீளத்தைப் போல் பல மடங்கு தூரம் எகிறிப் போய்விடும். பறக்கவும் இதற்குத் தெரியும்.

வேறு சில பூச்சிகள் செய்யும் சேதத்தை இதனுடையதாக எண்ணி மயங்குதல் கூடாது. இளஞ்செடி தரை மட்டத்தில் அறுபட்டுச் சாய்ந்திருந்தால் அது பெரும்பாலும் இரவில் உலவும் வெட்டுப்புழுவின் வேலை. வளர்ந்த இலையில் ஒரு பக்கத் தோல் மட்டும் கண்ணாடி போல் எஞ்சியிருந்து, அடியில் பச்சை நிறச் சிறு புழு இருந்தால் அது வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. முள்ளங்கி, கடுகு இலைகளின் ஓரத்தை அரித்துக்கொண்டு, தொட்டவுடன் சுருண்டு கீழே விழும் கரிய புழு மற்றொரு வகை. இலையில் புழு ஒன்றும் காணாமல், சிறு சிறு வட்டத் துளைகள் மட்டும் நிறைந்திருந்து, அருகே சென்றதும் கரும்புள்ளிகள் துள்ளி மறையுமானால் அதுவே தெள்ளு வண்டு என்று நிச்சயிக்கலாம்.

சேதம் செய்யும் விதம்

வண்டு இலையை ஓரத்திலிருந்து தின்பதில்லை. இலைப் பரப்பில் ஆங்காங்கே சிறு குழிகளாகச் சுரண்டித் தின்னும். குழியின் அடியில் மிஞ்சிய மெல்லிய தோல் காய்ந்து உதிர்ந்ததும் அது துளையாகிவிடும். வளர்ந்த செடியில் இத்தகைய துளைகள் பல இருந்தாலும் செடி தாங்கிக்கொள்ளும். முளைத்த செடிக்கோ முதலிரண்டு இலைகளே உணவு சமைக்கும் இடமும், ஈரத்தைக் காக்கும் இடமும் ஆகும். அவை சல்லடையாகிவிட்டால் வெயிலில் நீர் வற்றிச் செடி மடிகிறது. காற்று பலமாய் வீசும் நாட்களில் வண்டுகள் இலையை விட்டுத் தண்டின் கீழ்ப்புறத்தில் ஒதுங்கி அதைக் கடிப்பதும் உண்டு. அப்போது இலை நன்றாயிருந்தும் செடி சாயும்.

வெயிலும் வறட்சியும் இவ்வண்டுக்கு உகந்தவை. மழையும் குளிரும் இதை அடக்கிவைக்கும். ஆகவே வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வானம் வெளுத்து, பகலில் வெயில் காயும் மார்கழி, தை மாதங்களில் சமவெளியில் விதைக்கும் முள்ளங்கியையும், மலையில் மழைக்கு முந்திய வறண்ட நாட்களில் விடும் நாற்றுக்களையும் தனிக் கவனத்துடன் பார்த்துவர வேண்டும்.

வாழ்க்கை வரலாறு

பெண் வண்டு செடியின் அடியில் மண்ணுக்குள் முட்டையிடும். சுமார் ஒரு வாரம் முதல் பத்து நாட்களில் முட்டை பொரிந்து, வெண்மையான மெல்லிய புழு வெளிவரும். அதன் தலை பழுப்பு நிறம். முழு வளர்ச்சியிலும் அரை சென்டிமீட்டரைத் தாண்டாது. அது மண்ணிலேயே இருந்து வேர் மயிர்களையும் இளவேர்களையும் தின்று, இரண்டு முதல் நான்கு வாரங்களில் வளர்ந்து, மண்ணுக்குள்ளேயே கூட்டுப்புழுவாகும். பின் ஒன்றிரண்டு வாரங்களில் புது வண்டு வெளிவரும். சீதோஷ்ண நிலைக்குத் தக்கபடி நாட்கள் கூடியும் குறைந்தும் இருக்கும். பொதுவாக ஒன்றரை மாதத்தில் ஒரு தலைமுறை முடிகிறது எனக் கொள்ளலாம்.

கோசுக்கும் பூக்கோசுக்கும் புழுவினால் வரும் கெடுதி அற்பமே. ஆனால் முள்ளங்கியிலும் டர்னிப்பிலும் நாம் உண்ணும் பாகமே வேராதலால், புழு அதன் மேல்தோலைக் கீறிக் கோடு கோடாய்ப் பள்ளம் செய்துவிடும். அத்தகைய கிழங்கு சந்தையில் விலை போகாது.

கடுங்குளிர் நாடுகளில் இவ்வண்டு பனிக்காலம் முழுவதும் சருகிலும் வேலியடியிலும் ஒடுங்கிக் கிடந்து, ஆண்டுக்கு ஒன்றிரண்டு தலைமுறைகளே பெருகும். நம் நாட்டிலோ உணவுச் செடி இருக்கும் வரை தலைமுறைகள் தொடர்ந்துகொண்டே போகும். ஒரே பாத்தியில் முள்ளங்கியை அடுத்து முள்ளங்கி என்று ஆண்டு முழுவதும் விதைப்பவர் வண்டையும் ஆண்டு முழுவதும் வளர்ப்பவராகிறார்.

வண்டு செடியைக் கண்டுபிடிக்கும் வகை

கடுகை அரைக்கும்போது மூக்கில் ஏறும் நெடியை யாவரும் அறிவர். இக்குடும்பத்துச் செடிகள் யாவற்றிலும் அந்நெடிக்கு மூலமான பொருள் ஏறக்குறைய உண்டு. மற்றப் பூச்சிகள் பலவற்றைச் செடியினின்று விரட்டுவதற்கு உதவும் இந்நெடியே தெள்ளு வண்டுக்கு வழிகாட்டியாகிறது. செடி முளைத்ததும் காற்றில் வரும் நெடியைப் பற்றிக்கொண்டு அது வந்து சேரும். அன்றியும், செடியை அடைந்து தின்னத் தொடங்கிய ஆண் வண்டு தன் உடலிலிருந்து ஒருவகை வாசனையை வெளிவிடுகிறது. அதனால் ஆண், பெண் இரு பாலும் அங்கே கவரப்படும் என்று ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். காலையில் பத்து வண்டுகள் இருந்த பாத்தியில் மறுநாள் நூற்றுக்கணக்கில் காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே முதலில் வரும் சில வண்டுகளைத் தடுப்பது பின்னால் வரும் பலவற்றைத் தடுப்பதாகும். ‘நாளை பார்த்துக்கொள்ளலாம்’ என்று விடுவது இவ்விஷயத்தில் உதவாது.

எவ்வளவு சேதம் பொறுக்கலாம்

ஒவ்வொரு துளைக்கும் அஞ்ச வேண்டுவதில்லை. கனடா தேசத்துச் சமவெளிகளில் கடுகின் நெருங்கிய உறவான கனோலாப் பயிரை மிகப் பரந்த அளவில் விதைக்கின்றனர். இவ்வண்டே அங்கு அதன் முதற்பகை. அங்குள்ள விவசாயிகள் முளைகளின் இலைப் பரப்பில் நூற்றுக்கு 25 பங்கு தின்னப்பட்ட நிலையில் பரிகாரம் தேடவேண்டும் என்னும் கணக்கைக் கைக்கொள்கின்றனர். வீட்டுத் தோட்டத்திலும் இதை ஓர் அளவுகோலாகக் கொள்ளலாம். தினமும் காலையில் பாத்தியின் நான்கு மூலைகளிலும் நடுவிலுமாகச் சில செடிகளைப் பார்த்து, இலையில் கால் பங்குக்குச் சேதம் நெருங்குகிறதா என்று கவனித்து வருவது உசிதம். செடி ஐந்தாறு நிஜ இலைகள் விட்டுத் தழைத்த பிறகு இக்கவலை பெரும்பாலும் நீங்கிவிடும். கடுகுக் கீரை போன்று இலையையே உண்ணும் பயிருக்கு மட்டும் அறுவடை வரை காவல் தேவை.

பரிகார முறைகள்

முதலாவது, நாற்றை விரைவாய் வளர்த்தல். மெலிந்த செடி பல நாட்கள் இரண்டு இலையோடு நின்று வண்டுக்கு இரையாகும். கொழுத்த செடி அக்கண்டத்தை விரைவில் கடந்துவிடும். ஆகவே நாற்றங்காலில் நன்கு மக்கிய தொழுவுரத்தை இட்டு, மண்ணைப் பொடியாக்கி, ஈரம் காயாதபடி பூவாளியால் நீர் தெளித்து வர வேண்டும். கோசு வகைகளை நேரே நிலத்தில் விதையாமல் நாற்றுவிட்டு நடுவதே மேல். ஏனெனில் ஒரு சிறு பாத்தியைக் காப்பது தோட்டம் முழுவதையும் காப்பதினும் எளிது. சட்டிகளிலோ தட்டுக்களிலோ நாற்றுவிடுவோர் அவற்றைத் தரையில் வையாமல் இடுப்பளவு உயரமான மேடையில் வைத்தால் வண்டின் வருகை குறையும். ஆனால் அது பறக்கவல்லதாகையால் இதை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது. முள்ளங்கியை நேரே விதைப்பதே வழக்கமாதலால், விதையைச் சற்று நெருக்கமாய்ப் போட்டு, வண்டின் தொல்லை தணிந்த பிறகு கலைத்துவிடலாம்.

இரண்டாவது, மூடாக்கு. வீட்டுத் தோட்டத்திற்கு இதைவிட நிச்சயமான முறை வேறில்லை. விதைத்த அன்றே, முளை வெளிவருமுன், பாத்தியின்மேல் மூங்கில் சிம்புகளை வில்லாக வளைத்து ஊன்றி, அவற்றின்மீது மெல்லிய மல் துணியையோ, அங்குலத்திற்கு 40 கண் உள்ள நைலான் பூச்சி வலையையோ போர்த்தி, ஓரங்களை நாற்புறமும் மண்ணில் புதைத்துவிட வேண்டும். சாதாரணக் கொசுவலையின் கண் பெரிதாகையால் வண்டு நுழைந்துவிடும். வலையின் மேலேயே நீர் தெளிக்கலாம். துணியாயிருந்தால் உள்ளே ஈரமும் வெப்பமும் மிகுந்து நாற்றழுகல் உண்டாகாமல் நீரை அளவாய் விடவேண்டும். நாற்றுக்களைப் பிடுங்கி நட்ட பின்பும், புது வேர் பிடிக்கும் வரை ஒன்றிரண்டு வாரம் மூடி வைத்தல் நலம்.

இதில் ஓர் எச்சரிக்கை. சென்ற பருவத்தில் முள்ளங்கியோ கோசோ இருந்த அதே மண்ணில் விதைத்து மூடினால், மண்ணுக்குள் இருந்த கூட்டுப்புழுக்கள் வண்டுகளாகி மூடாக்கின் உள்ளேயே வெளிவந்து, வெளியே போக வழியின்றி நாற்று முழுவதையும் தின்றுவிடும். மூடாக்கினால் பலனில்லை என்று சிலர் சொல்வதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். ஆகையால் அவரை, பட்டாணி, கேரட்டு, வெங்காயம் போன்ற வேற்றுக் குடும்பப் பயிர் இருந்த இடத்திலேயே நாற்றங்காலை அமைக்க வேண்டும்.

மூன்றாவது, சாம்பல். அடுப்புச் சாம்பலை நன்றாய்ச் சலித்து, காலையில் பனி ஈரம் இலையில் இருக்கும்போது துணி மூட்டையில் கட்டித் தட்டித் தூவுவது நம் முன்னோர் கையாண்ட முறை. சாம்பல் படிந்த இலையை வண்டு விரும்புவதில்லை. ஆனால் மழை பெய்தாலும் நீர் தெளித்தாலும் சாம்பல் கரைந்து போகும், மறுபடியும் தூவவேண்டும். வண்டு குறைவாயிருக்கும்போது இது உதவும். கூட்டமாய் வந்துவிட்டால் இதனால் மட்டும் அடங்காது. அளவுக்கு மிஞ்சித் தூவினால் இளஇலை கருகும்.

நான்காவது, பிடிபலகை. வண்டு துள்ளும் சுபாவத்தையே அதற்கு எதிராக உபயோகிக்கும் பழைய உபாயம் இது. ஓரடி அகலமும் இரண்டு மூன்றடி நீளமுமுள்ள இரண்டு பலகைகளின் ஒரு பக்கத்தில் வண்டி மையையோ கெட்டியான ஆமணக்கெண்ணெயையோ தடவி, செடி வரிசையின் இருபுறமும் ஒருவர் பிடித்துக்கொண்டு நடக்க, மற்றொருவர் மெல்லிய குச்சியால் செடிகளை இலேசாய்த் தடவி வரவேண்டும். துள்ளியெழும் வண்டுகள் பலகையில் ஒட்டிக்கொள்ளும். இதை வெயில் ஏறிய பிறகு செய்ய வேண்டும். விடியற்காலைக் குளிரில் வண்டு துள்ளாது. வீட்டுப் பிள்ளைகளும் இவ்வேலையை விருப்பத்துடன் செய்வர். இக்காலத்தில் விற்கும் மஞ்சள் ஒட்டுப்பொறி அட்டைகளைச் செடி மட்டத்தில் நட்டுவைத்தால் வண்டு வந்திருப்பதை முன்னதாகவே அறியலாம்.

ஐந்தாவது, பொறிப்பயிர். கோசைவிடக் கடுகின் நெடி வண்டுக்கு அதிகப் பிரியமானது. நாற்று நடுவதற்கு 15 நாட்கள் முன்னதாகத் தோட்டத்தின் ஓரங்களில் கடுகை வரிசையாய் விதைத்தால் வண்டுகள் முதலில் அதை நாடும். வைரமுதுகு அந்துப்பூச்சிக்காகவும் கோசுப் பயிரினிடையே கடுகு வரிசை விதைக்கும் முறை நம் நாட்டில் சிபாரிசு செய்யப்படுகிறது; ஆகவே ஒரே செலவில் இரண்டு பலன் உண்டு. ஆனால் கவர்ந்த வண்டுகளைக் கடுகிலேயே பிடிபலகையினாலோ மருந்தினாலோ அழித்துவிட வேண்டும். அழிக்காமல் விட்டால் பொறிப்பயிர் வண்டுக்கு விருந்தாகி, அங்கே பெருகியவை கோசுக்குத் திரும்பும். கடுகு பூத்து முற்றுமுன் பிடுங்கி அப்புறப்படுத்துவதும் அவசியம்.

ஆறாவது, கலப்புப் பயிர். ஒரே இனத்துச் செடி மட்டும் நிறைந்த நிலத்தில் வண்டு எளிதாய்ச் செடியைக் கண்டு, அங்கேயே தங்கிவிடுகிறது. அமெரிக்காவில் கார்னெல் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் இருவர், கோசு இனத்துக் கீரைச் செடியைத் தனியாகவும், தக்காளி முதலியவற்றின் அருகிலும் வளர்த்துப் பார்த்து, தக்காளியின் அருகே இருந்த செடிகளில் இவ்வண்டு குறைவாகவே தங்கியது என்று 1972-இல் வெளியிட்டனர். நமது வீட்டுத் தோட்டங்களில் கோசு வரிசைகளின் இடையே தக்காளி, வெங்காயம், கொத்தமல்லி போன்றவற்றைக் கலந்து வைப்பது இடத்திற்கும் சிக்கனம், பயிருக்கும் காவல்.

ஏழாவது, வேப்பம் பருப்புச் சாறு. ஒரு லிட்டர் நீருக்கு 50 கிராம் வீதம் வேப்பம் பருப்பை இடித்து, இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து, மறுநாள் துணியில் வடிகட்டி, இலையில் ஒட்டுவதற்காகச் சிறிதளவு காதி சோப்பைக் கரைத்துச் சேர்த்து, மாலை வேளையில் இலையின் இருபுறமும் நனையும்படி தெளிக்க வேண்டும். 10 லிட்டர் கைத்தெளிப்பானுக்கு அரைக் கிலோ பருப்பு போதும். இது வண்டை உடனே கொல்லாது. இலையைத் தின்ன விடாமல் வெறுக்கச் செய்யும். வெயிலில் இதன் வீரியம் விரைவில் குறைவதால் வாரத்திற்கு ஒரு முறையேனும் திரும்பத் தெளிக்க வேண்டும். சாற்றைத் தயாரித்த அன்றே உபயோகித்துவிட வேண்டும்.

எட்டாவது, சுத்தமும் பயிர் மாற்றமும். கோசை அறுத்த பின் அடிக்கட்டையை நிலத்திலேயே விட்டுவிடுவது பலருடைய வழக்கம். அக்கட்டைகள் பக்கத்தில் துளிர்விட்டு மாதக்கணக்கில் நின்று, அடுத்த நாற்றங்காலுக்கு வேண்டிய வண்டுகளை வளர்த்துக் கொடுக்கின்றன. அறுவடையானதும் கட்டைகளைப் பிடுங்கி எருக்குழியில் இட்டு மண்ணால் மூடிவிட வேண்டும். தானாக முளைத்த கடுகு, விதைக்கு விட்டு மறந்த முள்ளங்கி, கடுகு நெடியுள்ள களைகள் ஆகியவற்றையும் ஒழிக்க வேண்டும். நிலத்தைக் கொத்திப் புரட்டினால் மண்ணிலுள்ள கூட்டுப்புழுக்கள் வெயிலில் உலர்ந்தும், குருவிகளுக்கு இரையாகியும் அழியும். அதன்பின் அவ்விடத்தில் ஒரு பருவமேனும் உருளைக்கிழங்கு, கேரட்டு, அவரை, பட்டாணி ஆகியவற்றுள் ஒன்றைப் பயிரிடல் வேண்டும்.

விஷ மருந்துகளைப் பற்றி

பழைய நாட்களில் இவ்வண்டுக்கு ஈயமும் பாஷாணமும் கலந்த மருந்துகளைத் தூவினர். பிறகு டி.டி.டி.யும் பி.எச்.சி.யும் வந்து, அவற்றால் பூச்சித் தொல்லை அடியோடு தீர்ந்தது என்று பலரும் மகிழ்ந்தனர். அவற்றின் எச்சம் மண்ணிலும், உணவிலும், மனித உடலிலும் தங்குவது தெரியவந்ததும், நம் நாட்டில் டி.டி.டி. 1989-இல் விவசாய உபயோகத்தினின்று விலக்கப்பட்டது, பி.எச்.சி. 1997-இல் தடை செய்யப்பட்டது. பழைய கையேடுகளைப் பார்த்தோ, பிறர் சொல்லக் கேட்டோ அம்மருந்துகளைத் தேடுவது சட்ட விரோதம் மட்டுமன்று, குடும்பத்தாருக்கே கேடு.

மருந்தொன்றையே நம்பியிருப்பதால் வரும் சங்கடத்துக்கு இங்கிலாந்தின் அண்மை அநுபவம் ஓர் உதாரணம். அங்கே எண்ணெய்க்காக விதைக்கும் கடுகினப் பயிரை வேறொரு தெள்ளு வண்டு தாக்கும். பல ஆண்டுகள் விதையிலேயே நியோநிகோடினாய்டு மருந்தைப் பூசி விதைத்துக் கவலையற்றிருந்தனர். அது தேனீக்களுக்குத் தீங்கு செய்வதாகக் கருதி ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் அந்த உபயோகத்தைத் தடுத்தது. மாற்றாகத் தெளித்த பைரித்ராய்டு மருந்துகளுக்கோ வண்டு ஏற்கெனவே பழகத் தொடங்கியிருந்தது. பின்வந்த ஆண்டுகளில் அப்பயிரின் பரப்பு அங்கே பெரிதும் சுருங்கியதற்கு இவ்வண்டு முக்கியக் காரணங்களுள் ஒன்றாயிற்று.

வீட்டுத் தோட்டத்துக் காய்கறியை நாமும் நம் குழந்தைகளும் உண்கிறோம். முள்ளங்கிக் கீரையையும் கடுகுக் கீரையையும் விதைத்த சில வாரங்களிலேயே பறித்துச் சமைக்கிறோம். ஆதலால் மேற்கூறிய முறைகள் இருக்க, இங்கே விஷ மருந்து தேவையே இல்லை என்று சொல்லலாம். விற்பனைக்காகப் பெரிய அளவில் பயிரிடுவோர் மருந்து தெளித்தே ஆகவேண்டிய நிலை வந்தால், தோட்டக்கலைத் துறை அலுவலரைக் கலந்துகொண்டு, அந்தப் பயிருக்கென்று அரசாங்கப் பதிவு பெற்ற மருந்தை மட்டும், சீட்டில் கண்ட அளவில், அறுவடைக்கு முன் விடவேண்டிய இடைநாட்களைத் தவறாமல் விட்டு உபயோகிக்க வேண்டும்.

கிராம அதிகாரிகளின் கவனத்திற்கு

தெள்ளு வண்டு வேலியையும் வரப்பையும் மதிப்பதில்லை. ஒருவர் தம் தோட்டத்தைச் சுத்தமாய் வைத்திருந்தும், அடுத்தவர் கோசுக் கட்டைகளைத் துளிர்க்க விட்டால் அவருடைய உழைப்பு வீணாகும். மலைக் கிராமங்களில் தோட்டங்கள் படிப்படியாய் நெருங்கியிருப்பதால் இது இன்னும் உண்மை. ஆகவே கீழ்க்கண்ட மூன்று காரியங்களில் கிராம அதிகாரிகளும் ஊராட்சித் தலைவர்களும் முன்னின்று உதவலாம்.

ஒன்று, அறுவடை முடிந்த வாரத்திலேயே கட்டைகளை அகற்றுமாறு ஊரார் கூடும் இடங்களில் எடுத்துச் சொல்லுதல். இரண்டு, ஒரே பகுதியில் உள்ளவர்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நாற்றுவிடும்படி செய்தல். ஒருவர் முந்தியும் ஒருவர் பிந்தியும் விட்டால் முந்தியவர் தோட்டத்தில் பெருகிய வண்டு பிந்தியவர் நாற்றங்காலில் இறங்கும். மூன்று, சிறு விவசாயிகள் நால்வர் ஐவர் சேர்ந்து ஒரு பொது நாற்றங்கால் அமைத்து, ஒரே வலையின் கீழ் நாற்றுக்களை வளர்க்கத் தூண்டுதல். வலையின் விலை தனியொருவருக்குப் பாரமாயினும் ஐவருக்குப் பாரமன்று. நன்றாய் உலர்த்திச் சுருட்டி வைத்தால் அது பல பருவங்களுக்கு வரும். பள்ளித் தோட்டங்களில் மூடிய பாத்தி ஒன்றையும் மூடாத பாத்தி ஒன்றையும் அருகருகே விதைத்துக் காட்டினால், பிள்ளைகளின் வாயிலாகவே செய்தி வீடுதோறும் போய்ச் சேரும்.

முடிவுரை

இதுவரை கூறியவற்றைச் சுருக்கிச் சொல்வோம். பயிர் மாறிய நிலத்தைத் தெரிந்தெடுத்து நாற்றங்கால் அமைக்கவும், முளைக்குமுன் மூடவும், தினமும் காலையில் பார்த்து வரவும், வண்டு தென்பட்டால் அன்றே சாம்பலோ, பலகையோ, வேப்பஞ்சாறோ கொண்டு தடுக்கவும், அறுவடையானதும் கட்டையைப் பிடுங்கவும். இவற்றுள் பெருஞ்செலவு பிடிப்பது ஒன்றுமில்லை. வேண்டியதெல்லாம் முதல் மூன்று வாரம் பாத்தியின் அருகே நாள்தோறும் சிறிது நேரம் குனிந்து பார்க்கும் பொறுமையே. வருகிற பருவத்தில் நாற்றுவிடுவோர் இம்முறைகளை அநுஷ்டித்துப் பார்த்து, தங்கள் அநுபவத்தை அக்கம்பக்கத்தாருக்கும் தெரிவித்துப் பயன் பெறுவார்களாக.